மேலண்டைத் தெரு பாவாடை

மலர்கொடி வாயால் சொன்னால்தான் புங்கமேட்டுக்காரர்களுக்குச் சாவு சாவாகும். ஊர் எப்போதோ நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போய்விட்டது. சனங்கள் நெய்வேலியைச் சுற்றி ஆளுக்கொரு காலனியில் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களை இன்னும் ஒரே ஊராகப் பிடித்து வைத்திருப்பது, காலனி நூலகத்துப் பின்னறையில் நடக்கும் சின்ன எஃப்.எம். ரேடியோதான். காண்ட்ராக்ட் வேலைக்குப் போகும் கணவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, காலைச் செய்தி வாசிக்க மலர்கொடி அங்கே ஓடிவிடுவாள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பேச்சுவார்த்தை இல்லாத சொந்தத்துக்கு யாரும் போன் போட்டுச் சாவு சொல்ல மாட்டார்கள், ரோஷம் விடாது. ரேடியோவில் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் சொன்ன கணக்கு. வருகிறவனுக்கும் மானம் போகாது, வரவழைத்தவனுக்கும் போகாது. வீம்பு பிடித்த சனம், வேறென்ன சொல்ல.

போன மாதம் நிலையப் பொறுப்பாளர் சுதாகர், "இல்லாத ஊரு தெருவ எதுக்குக்கா சொல்றீங்க? டவுன்ஷிப்லயும் கேக்குறாங்க. இப்ப இருக்கற அட்ரஸ் சொல்லுங்க" என்றான். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அப்படித்தான் அன்று காலை வாசித்தாள்: "இரண்டாவது காலனி, சி பிளாக், பாவாடை அவர்கள் காலமானார்."

மதியம் மாலையோடு சாவு வீட்டுக்குப் போனாள். பாடை தயாராக இருந்தது. பாவாடையின் மனைவி செந்தாமரை பிணத்தைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வராமல் எடுக்கக் கூடாது. கொண்டுவர வேண்டிய அண்ணன் கண்ணையன் வேறு காலனியில் இருக்கிறார். அண்ணனும் தங்கையும் பேசிப் பல வருஷம் ஆகிறது.

"ரேடியோல சொல்லியும் வரல பாரு" என்றாள் செந்தாமரை. "நான் செத்தாலும் வர மாட்டாரு."

மலர்கொடிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பக்கம் தடுக்கி விழுந்தால் பாவாடை என்று பேர் வைத்த ஒருத்தர் மேல்தான் விழ வேண்டும். தங்கை எந்த பிளாக்கில் குடியிருக்கிறாள் என்றே தெரியாத மனுஷன், சி பிளாக் பாவாடை யாரென்று எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? பாழாய்ப்போன புத்திக்கு இது காலையில் தோன்றவில்லை.

"கொஞ்சம் பொறுங்க, எடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு நூலகத்துக்கு ஓடினாள். ரேடியோவில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. சுதாகரைக் கேட்காமலே நிறுத்தி, மைக்கை இழுத்துக்கொண்டாள்.

"புங்கமேடு மேலண்டைத் தெரு, களத்து வூட்டுப் பாவாடை தவறிட்டாருங்க. கீழண்டைத் தெரு கண்ணையனோட தங்கச்சி வூட்டுக்காரரு. இன்னும் எடுக்கலைங்க."



கண்ணையன் கோடிப் புடவையோடு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. வாசலிலேயே தங்கையைப் பார்த்து உடைந்துபோனார்.

"காலையிலயே கேட்டேன் பாப்பா. வேற யாரோன்னு நெனச்சிக்கினு வயிறாரச் சாப்ட்டேன். மச்சான் கெடக்கறப்ப நான் சாப்ட்டுக்கினு இருந்தேன்."

மலர்கொடியால் தலை நிமிர முடியவில்லை.

அண்ணன் போர்த்திய கோடியைச் செந்தாமரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "சாப்ட்டது நல்லதுதான்ணா" என்றாள். "சுகர் மாத்திர போடற ஒடம்பு."

பேச்சு நின்ற பிறகு அண்ணனுக்கு வந்த வியாதி அது.