எட்டு இருபதுக்கு மூடியிருந்த கேட்

ஞாயிறு ஆராதனையில் பாட்டுக்கு எழுந்து நின்றவன் அப்படியே பெஞ்சில் சரிந்தேன். காலையில் சாப்பிடாததுதான் காரணம் என்று சாதித்தேன். மனைவி விடவில்லை. நெய்யாற்றின்கரைக்கு இழுத்துப் போய் எடுத்த ஈசிஜியில் ஒன்றும் இல்லை. "பாத்தியா?" என்று அவளிடம் பெருமையடித்தேன்.

டாக்டர் மசியவில்லை. ஈசிஜி சில விநாடிகளைத்தான் பார்க்கும். இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்கு இறங்கும் வழியில் எப்போதாவது தடைபட்டால் அதில் அகப்படாது என்றார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி, ஒரு நாள் முழுக்கக் கழற்றாதே என்றார். எத்தனை மணிக்கு என்ன செய்தேன், எப்போது தலை சுற்றியது என்று எழுத ஒரு தாளும் கொடுத்தார். முடிவு தெரியும்வரை வண்டி ஓட்டக் கூடாதாம்.

அங்கேதான் எனக்கு எரிச்சல். தனுவச்சபுரம் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் என்னுடையது. வேன்காரனுக்கு நெஞ்சில் கோளாறு என்று தெரிந்தால் எவன் பிள்ளையை அனுப்புவான்? மறுநாள் மனைவி பாலராமபுரத்துக்கு வேலைக்குக் கிளம்பியதும் பெட்டியைச் சட்டைக்குள் மறைத்து வண்டியை எடுத்தேன். "அம்மைட்ட சொல்லாத மக்கா" என்று அதே வேனில் பள்ளிக்கு வரும் மகளுக்கு மட்டும் உத்தரவு. தாளில், 'எட்டு முதல் ஒன்பது வரை வீட்டில் பேப்பர் வாசித்தேன். தலைசுற்றல் இல்லை' என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் மனைவியும் கூட வந்தாள். டாக்டர் என் தாளையும் பெட்டி பதிந்த வரைபடத்தையும் அருகருகே வைத்தார். ஓரிடத்தில் மேலறையின் சின்னக் கோடுகள் மட்டும் வரிசையாகப் போயின. கீழறையின் பெரிய கோட்டைக் காணோம்.

"எட்டு இருபதுக்கு பத்து செகண்ட் நின்னு போச்சு. பேஸ்மேக்கர் வைக்கணும். வீட்டில இருந்தது நன்னாயி, நல்லதாப் போச்சு."

எட்டு இருபது. அன்று அந்த நேரம் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. கேட்காரனைத் திட்டிக்கொண்டே எஞ்சினை அணைத்தேன். கண் இருட்டியது. விழித்தபோது தலை ஸ்டியரிங்கில் கிடந்தது. "அப்பா, உறக்கமா? கேட் தொறந்தாச்சு" என்று மகள் தோளைத் தட்டினாள். பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"வீட்டில இல்ல டாக்டர், வண்டியிலயாக்கும். கேட் மூடியிருந்துது" என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மனைவி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மெதுவாகக் கேட்டாள்: "பிள்ளை எங்க இருந்தா?"

"எனக்க பக்கத்துச் சீட்டில."

வேன் சாவியை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.