பாட்டு நின்றால் எழுந்துவிடுவார்

போன வருஷம் கோடை தொடங்கிய நேரம். நாகமலை புதுக்கோட்டையில் நாங்கள் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அப்பாவும் எங்களோடு இருந்தார். ஜவுளிக்கடையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். சனிக்கிழமை ஆனால் எங்கள் சௌராஷ்டிர மக்களின் பஜனை மடத்தில் தாளம் போடுவார். மறதி நோய் வந்த பிறகு அவருக்கு முதலில் போனது தமிழ்தான். கடையில் அவ்வளவு பேசியவர், வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழி தவிர வேறு எதுவும் பேசாமல் ஆகிவிட்டார்.

அன்று காலை நான் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தபோது கேட் திறந்து கிடந்தது. அப்பா இல்லை. என் போன் நம்பர் எழுதி அவர் கழுத்தில் மாட்டியிருந்த அட்டை வாசல்படியில் அறுந்து கிடந்தது. என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் ஆபீஸிலிருந்து கிளம்பி நேராக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தேன். பஸ் ஸ்டாப், கோயில், மார்க்கெட், எங்கும் இல்லை.

நான்குவழிச் சாலையில் ஓரிடத்தில் கூட்டம். லாரி ஒன்று குறுக்கே நின்றது. வண்டியை எப்படி நிறுத்தினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கூட்டத்தை விலக்கிப் பார்த்தால் ரோடு முழுக்கத் தக்காளி. கூடைகள் சரிந்திருந்தன, அவ்வளவுதான். அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பக்கத்து டீக்கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து விசாரித்தார். சொன்னேன்.

"வெள்ளை வேட்டி, சட்டை போடாம, என்னமோ பேசிக்கிட்டே போனாரே, அவராக்கா? காலையிலயே இந்த ரோட்டைத் தாண்டி சிஸ்டருங்க மடத்துப் பக்கம் போனாரு. இம்புட்டு நேரம் அங்கனயே இருப்பாரான்னு தெரியலக்கா, போய்ப் பாருங்க."

அப்படி ஒரு கன்னியர் மடம் இருப்பதே எனக்குத் தெரியாது. வேப்பமரங்களுக்கு நடுவே உயரமான சுற்றுச்சுவர். மணியை அடித்ததும் வயதான சிஸ்டர் ஒருவர் கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"உங்க அப்பாவாம்மா? உள்ளதான் இருக்காரு, பயப்படாதீங்க. ஸ்டேஷனுக்கும் இப்பத்தான் சொன்னோம். மெதுவா வாங்க. நீங்க அவரு பக்கத்துல உக்காருற வரைக்கும் அவங்க பாட்டை நிறுத்த மாட்டாங்க."

யார் நிறுத்த மாட்டார்கள், ஏன், ஒன்றும் புரியவில்லை. சிற்றாலயத்தை நோக்கி நடந்தபடியே அவர் சொன்னார். அங்கே இருக்கும் சிஸ்டர்கள் வெளியே வருவதில்லை. செபமும் வேலையும் மௌனமுமாக உள்ளேயே வாழ்கிறவர்கள். வாசலைப் பார்த்துக்கொள்ள இவர் ஒருவர்தான். காலைத் திருப்பலிப் பூசை நேரத்தில் அப்பா உள்ளே நுழைந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பாட்டுக்கு அழகாகத் தாளம் போட்டிருக்கிறார். பாட்டு முடிந்ததும் எழுந்து ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"கையைப் பிடிச்சேன். உதறிட்டாரு. என்ன பாஷைன்னே புரியல. கேட்டைப் பூட்டினேன், கம்பியைப் போட்டு அடிச்சு கையில ரத்தம் வந்துருச்சு. எனக்கு என்ன செய்யறதுன்னே ஓடலம்மா."

சத்தம் கேட்டு உள்ளே இருந்தவர்கள் விசாரித்திருக்கிறார்கள். இவர் விஷயத்தைச் சொன்னதும் மடத்து மதர், "மறுபடியும் பாடுங்க" என்றாராம். மௌன நேரமாயிற்றே என்று ஓர் இளம் சிஸ்டர் தயங்க, "அந்த மனுசன் ரோட்டுக்குப் போயிறக் கூடாது. அதுதான் இப்ப நம்ம செபம்" என்று அவரே முதல் அடியை எடுத்துக் கொடுத்திருக்கிறார். பாட்டுச் சத்தம் வந்ததும் அப்பா கேட்டை விட்டுவிட்டுத் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அதிலிருந்து பாட்டு நிற்கவே இல்லை. பாதிப் பேர் பூசைக்கு அப்பம் சுடவும் துணி தைக்கவும் போக, பாதிப் பேர் பாடுவது. பிறகு அவர்கள் வந்து இவர்களை அனுப்புவது. திருப்பாடல்கள் தீர்ந்தால் மாதா பாட்டு. அதுவும் தீர்ந்தால் கிறிஸ்துமஸ் பாட்டு!

நான் உள்ளே போனபோது கோடை வெயிலில் பாலன் பிறந்த பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. குரல்களெல்லாம் கம்மிப் போயிருந்தன. அப்பா கையில் கட்டோடு, கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தட்டு. இட்லியைத் தொடவில்லையாம். பூசைக்கான அப்பம் வெட்டியது போக மிஞ்சிய ஓரத் துண்டுகளை மட்டும் அப்பளம் மாதிரி கடித்துத் தின்றிருக்கிறார். மந்திரிக்காததுதான், சும்மா மாவு என்று சிஸ்டர் சொன்னார்.

"அப்பா" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கண்ணைத் திறந்து எங்கள் மொழியில், "பஜனை நடக்குது, சத்தம் போடாம உட்காரு" என்றார். அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

நான் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்த பிறகுதான் பாட்டு ஓய்ந்தது. பீடத்துக்குப் பக்கவாட்டில் கம்பித் தடுப்பு. அதன் பின்னால் நிழலாகச் சில உருவங்கள்தான் தெரிந்தன. யாரோ இருமினார்கள். யாரோ தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும் சத்தம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அப்பா கையை டாக்டர்கிட்ட காட்டி ஊசி போட்டுருங்கம்மா" என்று கரகரத்த ஒரு குரல் மட்டும் வந்தது. அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

வீட்டுக்காரர் கார் கொண்டுவந்தார். அப்பா ஒரு தகராறும் செய்யாமல் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தியதும் தூங்கியும் போனார்.

அப்பா இப்போதும் சாயங்காலமானால் வெளியே போக வேண்டும் என்று கதவைத் தட்டுவார். அந்த நாள் வரைக்கும் நான் அவர் கையைப் பிடித்து இழுப்பேன், கத்துவேன், பிறகு தனியாக உட்கார்ந்து அழுவேன். இப்போது வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் போய் நின்று, எனக்குத் தெரிந்த நாலு நாமாவளியைச் சுருதி சேராத குரலில் பாடுகிறேன். கொஞ்ச நேரத்தில் தட்டுவது தாளமாக மாறிவிடுகிறது. அப்பாவைப் பார்த்துக்கொள்வது பாரமில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவரை இழுத்துப் பிடிக்காமலும் நம்மோடு வைத்துக்கொள்ளலாம் என்பதை, அவர் பேசும் ஒரு வார்த்தைகூடப் புரியாத அந்தச் சிஸ்டர்கள்தான் மகளான எனக்குக் காட்டினார்கள்.