மடைப்பலகை பெஞ்சு

எங்கள் வீட்டை ஒட்டி இறக்கிய சாய்ப்பில் கிடந்த பெஞ்சை நக்கிப் பார்த்தால் கரிக்கும். பதினோரு வயதுப் பெண் எதற்குப் பெஞ்சை நக்கினாள் என்று கேட்காதீர்கள். மரக்காணத்து உப்பளங்களின் ஓரத்தில் பிறந்த பிள்ளைகள் எதையும் ஒரு தடவை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவோம். தண்ணீர் பட்டதும் அந்தப் பலகையிலிருந்து சேறும் நண்டு வளையும் கலந்த ஒரு வாடை எழும்பும். இன்றைக்கும் மழையில் நனைந்த பழைய மரம் எதைக் கண்டாலும் எனக்கு முதலில் அந்த வாடை வருகிறது, அதன் பின்னாலேயே ஒரு பயமும் வருகிறது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. என் அண்ணன் ஏழுமலைக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எங்கள் நைனா அளத்தில் பாத்தி பாத்தியாக உப்பை வாரிக் கரையேற்றுகிறவர், அண்ணன் அந்த உப்பை மூட்டையாக லாரிக்குத் தூக்குகிறவன். வெள்ளை வெயிலைப் பார்த்துப் பார்த்து நைனாவின் கண் எப்போதும் சிவந்து நீர் கோத்திருக்கும். "அளத்துக்காரன் கண்ணு நாப்பது வயசு வரைக்கும்தான்டா, அதுக்குள்ள நீயாவது கரையேறிடு" என்று அண்ணனிடம் சொல்லுவார். கரையேற அண்ணனுக்குத் தெரிந்த ஒரே வழி போலீஸ் வேலை. முதல் தடவை கடலூர் மைதானத்துக்குப் போனபோது உயரம் தேறியது, ஓட்டம் தேறியது, மார்புக்கு நாடா சுற்றியபோது அரை அங்குலம் போதவில்லை. அடுத்த ஆளெடுப்பு ஆடியில் வரும் என்றார்கள், அதை விட்டால் வயசு தாண்டிவிடும். அந்த அரை அங்குலம் அன்றிலிருந்து சோறு போடாத குறையாக எங்கள் வீட்டில் குடியிருந்தது.

அண்ணன் "உடம்பு ஏத்த" ஆரம்பித்தான். பால்பவுடர் டின்களில் சிமெண்டும் கடற்கரைச் சரளையும் குழைத்து ஊற்றி, நடுவில் பைப்பு நுழையத் துளை விட்டு, ஜோடி ஜோடியாக எடைகள் செய்தான். துருப்பிடிக்காமல் இருக்க அந்தப் பைப்புக்கு அம்மாவின் விளக்கெண்ணெயைத் திருடித் தடவுவான். எல்லாம் சேர்ந்தது, பெஞ்சு மட்டும் இல்லை. பாண்டியில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்து ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தவன், மல்லாந்து படுத்துத் தூக்கினால்தான் மார்பு விரியும் என்று பிடிவாதமாக இருந்தான். தரையில் படுத்தால் முழங்கை மண்ணில் இடித்து நின்றுவிடும். அதனால் தரையைவிட உயரமாக, தட்டையாக, முதுகு முழுக்கப் பதிந்து தோள் மட்டும் வெளியே தொங்குகிற அகலத்தில் ஒரு பலகை வேண்டும். அகலம் ஒரு சாணும் நாலு விரலும், உயரம் பாதம் இரண்டும் தரையில் அழுந்துகிற அளவு. இந்தக் கணக்கெல்லாம் என் கையால் அளந்தது. அவன் படுப்பான், நான் சாண் வைப்பேன்.

அந்த மழைக்காலம் முழுக்க, அளத்தில் வேலை இல்லாத நாட்களில், நாங்கள் இரண்டு பேரும் பெண் பார்ப்பதைப் போலப் பெஞ்சு பார்த்தோம். பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட பெஞ்சு ஒன்று கிடைத்தது. அகலம் நாலு விரல் குறைவு, படுத்தால் தொட்டில் மாதிரி ஆடியது. குப்பத்தில் ஒருவர் உடைந்த கட்டுமரத்தின் நடுக்கட்டையைத் தருகிறேன் என்றார். அது உருண்டை, முதுகு வழுக்கியது. திண்டிவனத்து வெல்டிங் கடையில் ஆங்கிள் இரும்பில் செய்து தருவார்கள் என்று அண்ணன் ஆசையாகச் சொன்னபோது நைனா சிரித்தார்.

"கடக் காத்துல இரும்பு எத்தினி நாளைக்குடா நிக்கும்? மேல பெயிண்டு இருக்கும், உள்ள பொடியா இருக்கும். என்னிக்கோ ஒரு நாளு காலை வாரிடும்."

அவர் காட்டியதுதான் மடைப்பலகை. கடல்தண்ணீரைப் பாத்திக்கு விடுகிற மடையில் பல வருடம் நின்று, புதிது போட்டபோது கழற்றி எறியப்பட்டுச் சேற்றில் கிடந்தது. அண்ணனும் நைனாவும் சேர்ந்து தூக்கித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். "உப்பு தின்ன மரத்தை செல்லு தின்னாது" என்றார் நைனா. அது உண்மைதான். பலகையில் துளையிட்டு, பூவரசங்கால்கள் நான்கைச் செருகி, ஒவ்வொரு காலுக்கும் குறுக்கே ஒரு மரமுளை அடித்தார். ஆணியைத் தொடவே இல்லை. உப்பு ஊறிய மரத்தில் ஆணி சீக்கிரமே துருவாகி உதிரும் என்பதால் அளத்தில் மடையும் பலகையும் முளையிலேயேதான் நிற்கும். அங்கே அது சரி, ஏனென்றால் அங்கே மரம் காய்வதே இல்லை. அளத்து மரத்தை அளத்து முறையிலேயே பூட்டி, மணலில் நிற்கிற வீட்டில் கொண்டுவந்து போட்டோம். வேறு ஊர்த் தச்சன் யாராவது பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பான்.

நைனாவுக்கு அந்தச் சந்தேகம் இல்லாமல் இல்லை. என்னைக் கூப்பிட்டு, "தெனம் காத்தால நாலு காலுக்கும் ஒரு சொம்பு தண்ணி ஊத்திடு, பாப்பா. ஈரம் இருக்கிற வரைக்கும் முளை புடிச்சிக்கும். காஞ்சா கழண்டுக்கும்" என்றார். மார்கழியிலும் தையிலும் அது எனக்குப் பெருமையான வேலை. அண்ணன் தூக்கும்போது எண்ணுவதும் நான்தான். பங்குனிக்குள் அவன் மார்பு முக்கால் அங்குலம் ஏறியிருந்தது. நானே நாடா பிடித்து அளந்தேன். அம்மா அன்றைக்கு அவனுக்கு மட்டும் முட்டை பொரித்துக் கொடுத்தாள், நான் கோபித்துக்கொண்டு சாப்பிடவில்லை.

சித்திரையில் எங்கள் பக்கத்துக் கிணறு வற்றிப்போனது. நல்ல தண்ணீருக்கு ரோட்டைத் தாண்டிப் போய் வரிசையில் நிற்க வேண்டும். உப்புத்தண்ணீரை ஊற்றினால் பலகை பிசுபிசுத்து அண்ணன் முதுகில் புண் வந்தது. "குடிக்க இல்லாத தண்ணிய கட்டைக்கு ஊத்துறாளே" என்று அம்மா முணுமுணுப்பாள். வைகாசியில் வெயில் இன்னும் ஏறியது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், தண்ணீர் வரிசையில் நின்று தாமதமாகப் போனால் வெயிலில் முட்டி போட வைத்தார்கள். ஒரு நாள் ஊற்றாமல் விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் விட்டேன். அப்படியே ஒன்பது நாள். வேலையிலிருந்து வந்ததும் அண்ணன் தினமும் கேட்பான், "ஊத்துனியா?" நானும் தினமும், "ஊத்துனேன்" என்பேன்.

ஒன்பதாவது நாள் சாயங்காலம், வெயில் இன்னும் சாய்ப்புக்குள் விழுந்துகொண்டிருந்தது. அவன் படுத்துத் தூக்கினான், நான் எண்ணினேன். ஏழு என்று சொல்லி வாயை மூடுவதற்குள் இடது பக்கத்துக் கால் இரண்டும் அகட்டிக்கொண்டு சரிந்தன. பைப்பும் டின்களும் அவன் இடது தோளின் மேல் விழுந்தன. சுள்ளி முறிகிற சத்தம் ஒன்று கேட்டது. மரம்தான் முறிந்தது என்று நான் நினைத்தேன். மரத்தில் ஒரு கீறல் கூட இல்லை.

எலும்பு கட்டுகிறவர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டுப் போன பிறகு, நைனா மணலில் கிடந்த முளை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். சுக்கு மாதிரி காய்ந்திருந்தது. என்னைப் பார்த்து, "தண்ணி ஊத்துனியா?" என்றார். பாயில் படுத்திருந்த அண்ணன் கூரையைப் பார்த்தபடியே சொன்னான்:

"ஊத்துனா நைனா. நான்தான் ஒரு ஜோடி டின்னு அதிகமா போட்டுட்டேன்."

அவன் அதிகமாகப் போடவில்லை. போட்டதை எண்ணியவளே நான்தான். காய்ந்த பலகையில் ஒன்பது நாள் முதுகை வைத்துப் படுத்தவனுக்கு அது ஈரமா காய்ந்ததா என்று தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்தும் ஏன் படுத்தான்? தங்கச்சி ஊற்றினேன் என்கிறாள், ஊற்றியிருப்பாள் என்று நம்பப் பார்த்தானோ என்னவோ. எனக்கு இன்று வரை விடை தெரியாது.

எலும்பு சேர்ந்தது, தோள் மட்டும் இறங்கியே நின்றது. ஆடி வந்தது, ஆளெடுப்பும் வந்தது, அன்றைக்கு அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான். மூட்டை தூக்கவும் தோள் ஆகவில்லை. அளத்தில் மோட்டார் கொட்டகைக்குக் காவலாக உட்கார்ந்தான், முப்பத்தெட்டு வயதில்தான் அவனுக்குப் பெண் கிடைத்தது. பெஞ்சை நைனா பிளந்து அடுப்புக்குப் போட்டார். உப்பு மரம் படபடவென்று வெடித்து மஞ்சளாக எரிந்தது. அந்தச் சோற்றை எல்லோரும் சாப்பிட்டோம், நானும் சாப்பிட்டேன்.

இப்போது அந்தச் சாய்ப்பு இல்லை, மடை இருந்த இடத்தில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது, நைனாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போன வருடம் அண்ணனும் போனான். கடைசியாக அவன் வாயில் தண்ணீர் ஊற்றியது நான்தான். அப்போதும் நான் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

சென்ற மாதம் அண்ணன் மகன், வீட்டிலேயே உடற்பயிற்சி செய்ய ஒரு பிளாட் பெஞ்சு வேண்டுமென்று என்னைப் பாண்டியில் ஒரு கடைக்கு அழைத்துப் போனான். கறுப்பு மெத்தை, இரும்புக் கால். நான் முழங்காலிட்டு உட்கார்ந்து அடியில் கைவிட்டு ஒவ்வொரு போல்ட்டாகத் திருகிப் பார்த்தேன். "அத்த, எந்திரி, எல்லாரும் பாக்குறாங்க" என்றான் அவன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "இதுக்கு தெனம் எதுவும் பண்ண வேணாம்மா, போட்டா போட்டபடி கிடக்கும்" என்றார்.

வெளியே வந்ததும் அண்ணன் மகனிடம் சொன்னேன். "தெனம் படுக்கிறதுக்கு முன்னாடி நீயே குனிஞ்சி ஒரு தடவ பாத்துக்க. யாரு பாத்துட்டேன்னு சொன்னாலும் நம்பாத."

"உன்னயுமா அத்த?"

"என்னயுந்தான்."

அவன் சிரித்துவிட்டு, பெஞ்சை ஆட்டோவில் ஏற்றப் போனான்.