வலப்பக்கத்து மூன்று ஓட்டைகள்

போன ஞாயிற்றுக்கிழமை பசியாறப் போகும் வழியில், மலாக்காவில் காஜா பெராங் சடக்கோரத்தில் பதினோரு பழைய ஜீப்புகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். பழைய ஜீப்பை வாங்கிப் புதுப்பிக்கிற பிரியர்கள் கூட்டமாக ஊர் சுற்றக் கிளம்பியிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன். பெட்ரோல் வாடையும் புதுச்சாய வாடையும் கலந்து மூக்கில் ஏறியதும், தோசை மறந்துபோய்விட்டது.

"என்னா அங்கிள், ஜீப்பு புடிக்குமா? ஏறி உக்காந்து பாருங்க லா" என்றார் ஓர் இளைஞர்.

நான் ஏறவில்லை. கை தானாக வண்டியின் வலப்பக்கம் போய், இருக்கைக்குக் கீழே உள்ள தகட்டைத் தடவியது. வழவழவென்று இருந்தது. "அங்கிள், மோதிரம் பட்டா கோடு விழுந்துரும்" என்று அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் கண்ணில் சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு வருத்தமில்லை. சந்தேகப்படுகிற விஷயத்தில் நான் அவருக்கெல்லாம் ரொம்ப மூத்தவன்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம். எனக்கு இருபத்து மூன்று வயது. டவுனில் ஒரு ரப்பர் வியாபாரியின் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. கடிதத்தை அடித்துவிட்டு, மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுத் தப்புக் கண்டுபிடிக்க வேண்டும். அதில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன். என்ன சங்கடம் என்றால், ஐந்து மணிக்கு மெஷினுக்கு உறை போட்ட பிறகும் அந்தப் புத்தி என்னோடு சைக்கிளில் ஏறி வீட்டுக்கு வந்துவிடும். அம்மா வைத்த மீன்குழம்பில்கூட ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பேன்.

நண்பன் மாணிக்கம் எனக்கு நேரெதிர். பஸ் பட்டறையில் மெக்கானிக். எதையும் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே முடிவு செய்கிறவன். மனிதர்களையும் அப்படித்தான். அவன்தான் ஒருநாள் மூச்சிரைக்க வந்தான். "செமாபோக்குல பழைய இரும்பு விக்கிற தவுக்கே கிட்ட ஒரு ஜீப்பு கெடக்குது. சண்டைக் காலத்து காடி. எஞ்சின் சாகல. வாங்கிருவோம்."

"எதுக்கு?"

"எதுக்கா? ஓட வைக்கத்தான்."

இதைவிட நல்ல காரணம் அவனிடம் இல்லை. யோசித்துப் பார்த்தால் என்னிடமும் இல்லை. வாங்கிவிட்டோம். ஆனால் ஊர் அதை நம்பவில்லை. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் இன்னும் முழுசாக முடியாத நேரம். எங்கள் பக்கம் ஊரடங்கை எடுத்துவிட்டார்கள், ஆனால் வாயடங்கை யாரும் எடுக்கவில்லை. சைக்கிளில் போகிற இரண்டு பையன்களுக்கு ஜீப் எதற்கு? காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி கடத்தவா? அம்மாவே கேட்டார்: "நெசமா சொல்லு, யாரு ஒங்களுக்குப் பின்னால இருக்கா?"

வண்டியை நிறுத்த இடம் கொடுத்தவர் பிள்ளை என்பவர். காஜா பெராங்கில் பல தலைமுறையாக இருக்கும் மலாக்கா செட்டிக் குடும்பம். பெயர் தமிழ், சாமி தமிழ்ச்சாமி, வாயைத் திறந்தால் மலாய். அவர் வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த காலித் தேங்காய்க் கொட்டகைதான் எங்கள் பட்டறை. வெளியே சடக்கு, சடக்கைத் தாண்டினால் ஒரு சீனர் காப்பிக்கடை.

தினமும் சாயங்காலம் இருட்டுகிற வரைக்கும் வேலை. மாணிக்கம் எஞ்சினோடு பேசிக்கொண்டிருப்பான். எனக்குக் கொடுத்தது சாயம் சுரண்டுகிற வேலை. உப்புத்தாளை வைத்துத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியில் ரேகையே போய்விட்டது. மேலே பச்சை. அதற்குக் கீழே கறுப்பு. அதற்குக் கீழே வேறொரு பச்சை. ஒரு வண்டிக்கு எதற்கு இத்தனை சட்டை? முன்பலகையில் எண் தகடு இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. தகட்டை யார் கழற்றினார்கள்? "துருப்புடிச்சி விழுந்திருக்கும் லா" என்றான் மாணிக்கம். துரு பிடித்தால் நான்கு ஆணியும் ஒரே நேரத்திலா விழும்?

அப்புறம் அந்த வலப்பக்கம். அமெரிக்கத் தயாரிப்பு என்பதால் ஓட்டுகிறவர் இடப்பக்கம் உட்காருவார், கூட வருகிறவருக்கு வலப்பக்கம். அந்த இருக்கையை ஒட்டிய தகட்டில் என் உப்புத்தாள் ஒரு இடத்தில் வழுக்கியது. மாணிக்கம் சுத்தியலின் பின்புறத்தால் தட்டினான். டிங், டிங், டொக். ஆணி வைத்துக் கிண்டியதும் அடைத்திருந்த காய்ந்த பட்டி பொலபொலவென்று உதிர்ந்தது. சுண்டுவிரல் நுழைகிற அளவில் ஓர் ஓட்டை. பக்கத்தில் இன்னொன்று. சற்றுக் கீழே மூன்றாவது. விளிம்பெல்லாம் உள்பக்கம் மடங்கியிருந்தன.

குண்டு வெளியிலிருந்து உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள மெக்கானிக் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த மனிதர் என் கண்ணில் பட்டார். ஐம்பது வயது மதிக்கத்தக்க மலாய்க்காரர். தினமும் ஐந்தரை மணிக்குக் காப்பிக்கடை ஓரமாக சைக்கிளைச் சாத்திவிட்டு, எங்கள் கொட்டகைக்கு நேர் எதிரே உட்காருவார். செய்தித்தாள் இல்லை, பேச்சுத்துணை இல்லை. எங்களையே பார்ப்பார். வலது கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டார். காப்பியை இடது கையால் குடிப்பார். எந்த மலாய்க்காரர் இடது கையால் குடிப்பார்? அப்படியானால் வலது கை எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது?

"போலீஸ் ஆளா இருக்குமோ?" என்றேன்.

"காப்பி குடிக்கிற ஆளா இருக்கும்" என்றான் மாணிக்கம்.

ஒரு வாரம் கழித்து ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்தேன். மாணிக்கமும் அந்த மனிதரும் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் சடக்கைக் கடந்து போய்விட்டார்.

"யாரு?"

"வழி கேட்டாரு."

ஒரு வாரமாக அதே கடையில் உட்கார்ந்திருப்பவர் வழி கேட்டாராம்! அன்றிலிருந்து மாணிக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். நேற்று சொன்னதையும் இன்று சொன்னதையும். அவன் கழற்றி வைத்த சாமான்களை எண்ணிப் பார்த்தேன். நான் சைக்கிளில் திரும்பும்போது, நான் போனபிறகு அவன் என்ன செய்வான் என்று யோசித்தேன். சேர்ந்து படித்தவன், என் அப்பா இறந்தபோது பாடையில் தோள் கொடுத்தவன். அவனையே.

மூன்றாம் நாள் மதியம் நான் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். நண்பன் பெயரைச் சொல்லவில்லை, அந்த அளவுக்கு ஈரம் இருந்தது. அந்த மனிதரைப் பற்றி மட்டும் சொன்னேன். தினமும் வருகிறார், உளவு பார்க்கிறார், பையில் ஏதோ வைத்திருக்கிறார்.

மறுநாள் ஐந்தரைக்கு இரண்டு போலீஸ்காரர்கள் காப்பிக்கடைக்கு வந்தார்கள். நான் கொட்டகைப் பலகைச் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை வெளியே எடுக்கச் சொன்னார்கள். அவர் தயங்கினார். பிறகு மெதுவாக எடுத்துக் காட்டினார். கட்டைவிரலும் சுட்டுவிரலும்தான் இருந்தன. மற்ற மூன்று விரல்களின் இடத்தில் சுருங்கிய தோல். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு அவர்கள் வண்டியில் ஏறிப்போனார். சைக்கிள் அங்கேயே நின்றது.

மாணிக்கம் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "நீயா?"

நான் பலகைச் சந்திலிருந்து திரும்பி, கீழே கிடந்த உப்புத்தாளை எடுத்தேன்.

"என்னக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன். வழி கேட்டாருன்னு சொன்ன."

அவன் முகம் கறுத்துப்போனது. பிறகு ஜீப்பின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னான். அவர் பெயர் ஓமார். அவசரகாலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் சிறப்புக் காவலராக இருந்தவர். இந்த ஜீப்பை ஓட்டியவர். ஒருநாள் காலை, சம்பளப் பட்டியலோடு வந்த தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவை, ஒரு தமிழ்க் கிராணியை, பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனபோது, காட்டுக்குள் இருந்தவர்கள் மேட்டிலிருந்து சுட்டார்கள். விரல் போன கையோடு நாலு மைல் ஓட்டி ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். கிராணி பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு வண்டி எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது. கொட்டகை வழியாகப் போகும்போது அந்த மூன்று ஓட்டைகளைப் பார்த்திருக்கிறார்.

"ஓட ஆரம்பிச்சதும் ஒருதரம் ஓட்டிப் பாக்கணும்னு கேட்டாரு. சரின்னு சொன்னேன். ஒங்கிட்ட ஏன் சொல்லலன்னா, ஆளு செத்த காடின்னு தெரிஞ்சா நீ விட்டுட்டு ஓடிருவ. ஒங்கம்மா தெருவுக்குள்ளயே விடமாட்டாங்க."

அவன் சொன்னது சரிதான். அதுதான் இன்னும் உறுத்தியது.

மறுநாள் மதியமே ஓமாரை விட்டுவிட்டார்கள். ஆனால் அவர் காப்பிக்கடைக்கு வரவில்லை. சைக்கிளைப் பிள்ளைதான் உருட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். என்னைப் பார்த்து "ஓராங் பாயிக்" என்றார். நல்ல மனிதர் என்று அர்த்தம். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அந்த வெள்ளிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, புக்கிட் பாரு பக்கம் ஒரு கம்பத்தில், மலாய்க் கிராமத்தில், இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். பாய் விரித்தார். அவர் மனைவி தேநீரும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கொண்டுவந்து வைத்தார். நான் எனக்குத் தெரிந்த மலாயில் திக்கித் திக்கி மன்னிப்புக் கேட்டேன். போலீசில் சொன்னது நான்தான் என்று சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கிழங்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். பிறகு மலாயில் நிதானமாகப் பேசினார்.

"நீ செய்ததைத்தான் அப்போது எல்லோரும் செய்தார்கள், தம்பி. யாராவது வந்து சொல்வார்கள், அவன் சும்மா நிற்கிறான், பார்வை சரியில்லை என்று. இதே ஜீப்பில்தான் போய் ஏற்றிக்கொண்டு வருவேன். எத்தனை பேரை ஏற்றினேன் என்று நினைவில்லை. அதில் எத்தனை பேர் நிஜமாகவே சும்மா நின்றவர்களோ. அன்றைக்கு ஸ்டேசன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் முதல்முறையாக அதை நினைத்தேன்."

"வண்டி தயாராகப் போகிறது. வந்து ஓட்டுங்கள்" என்றேன்.

"வேண்டாம்" என்றார். "ஆசை போய்விட்டது."

மெர்டேக்கா அன்று காலை ஜீப் ஓடியது. மாணிக்கம் ஓட்டினான். ஓட்டைகளை அடைக்க இருவருக்கும் மனம் வரவில்லை. வலப்பக்க இருக்கையில் நான் உட்காரவில்லை, பின்னால் ஏறிக்கொண்டேன். ஜாலான் பெண்டஹாரா சடக்கு முழுக்கக் கொடி. கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன். மாணிக்கம் சடக்கைத் தவிர எதையும் பார்க்கவில்லை. எங்களுக்குள் சண்டை எதுவும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு பேச்சு மட்டும் மெல்ல மெல்லக் குறைந்தது. அடுத்த வருஷம் அவன் சிங்கப்பூருக்குப் போனான். ஜீப்பை ஒரு டுரியான் பழ வியாபாரிக்குக் கொடுத்தோம். மாணிக்கம் போட்ட கடிதங்கள் இரண்டோ மூன்றோ. அவன் இறந்த செய்தி மாதக்கணக்கில் கழித்துத்தான் வந்தது.

பிள்ளையின் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். ஓமாரின் கம்பத்தில் மாடிவீடுகள் வரிசையாக நிற்கின்றன. அவர் வீடு எது என்று காட்ட அங்கே ஒருவரும் இல்லை. அந்தச் சடக்கில் யாரைக் கேட்டாலும் அப்படி ஒரு ஜீப்பும் தெரியாது, கிராணியும் தெரியாது.

நான் எத்தனையோ பேரைக் கண்காணித்தேன், எத்தனையோ கேள்வி கேட்டேன். அந்த வலப்பக்கத்தில் உட்கார்ந்து போன கிராணியின் பெயர் என்ன என்று மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. ஓமாருக்குத் தெரியும், மாணிக்கத்துக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் இன்று இல்லை.