மறியலில் தள்ளிப்போன சர்வீஸ்

போன வாரம் கரியாலூர் மலைப்பாதையில் என் கார் இன்ஜின் செத்துப்போச்சு. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மலையில் இருக்கும் சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். நேரத்துக்கு பஸ் கிடையாது என்றுதான் லோன் போட்டு அந்தக் காரையே வாங்கினேன்.

இன்று கள்ளக்குறிச்சி ஷோரூமில் கையை விரித்துவிட்டார்கள்.

"சர்வீஸ் லேட்டா விட்டிருக்கீங்க மேடம். இன்ஜினுக்கு வாரண்டி கெடையாதுன்னு கம்பெனி சொல்லிட்டாங்க" என்றார் அங்கே சர்வீஸ் பார்ப்பவர்.

"சர்வீஸ் தேதி அன்னிக்குதான் இட ஒதுக்கீடு மறியல் சார். ரோட்ட மறிச்சிக்கினு இருக்காங்க, வராதீங்கன்னு போன் பண்ணதே நீங்கதானே? அப்புறம் நீங்க சொன்ன தேதிக்குதானே கொண்டாந்தேன்?"

"நான்தாங்க பண்ணேன்." அவர் மறைக்கவில்லை. "கம்பெனிக்கும் அதையே சொன்னேன். போன்ல பேசனதெல்லாம் செல்லாதுன்றாங்க. நான் இன்னா பண்றது மேடம்?"

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பிரித்துப் போட்டிருந்த இன்ஜினைப் பார்த்துவிட்டு சங்கராபுரம் பஸ் ஏறினேன். நாளைக்கு மலையில் குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள். எப்படிப் போய்ச் சேரப் போகிறேனோ தெரியவில்லை.

வீட்டு வாசலிலேயே தம்பி கேட்டான். "கார் இன்னாச்சுக்கா? சரி பண்ணித் தராங்களாமா?"

அந்த மறியலில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவன் இவன்தான். டிகிரி முடித்தும் வேலை கிடைக்காமல் வூட்டில் இருக்கிறான். அவன் ரோட்டில் உட்கார்ந்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

"சாப்ட்டியாடா?" என்று மட்டும் கேட்டேன்.

இப்போ நான் யார் மேல கோவப்படறதுன்னு நீங்களே சொல்லுங்க.