கழுத்தில் சிவப்பு கார்டு

நம்பினால் நம்புங்கள். இது ராத்திரியில் நடந்ததில்லை. சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில், ட்யூப்லைட் வெளிச்சம் கொட்டுகிற ஒரு கம்பெனிக்குள், பட்டப்பகலில், மத்தியானம் மூன்று மணி நான்கு நிமிடத்துக்குத் தொடங்கியது. மாரிசெல்வி பார்த்தது அவ்வளவும் இதில் இருக்கிறது. ஒரு சொல் கூட்டவில்லை.

அவள் வேலை பார்த்த லைனில் முப்பத்திரண்டு பெண்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு சிவப்பு கார்டு. பாத்ரூம் போக வேண்டுமானால் சூப்பர்வைசர் ஸ்ரீதரிடம் கேட்டு, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். ஏழு நிமிடம். திரும்பி வருகிறவளின் கழுத்தையே பார்த்தபடி அடுத்தவள் காத்திருப்பாள். "யக்கா, கார்டு" என்பாள். அந்தக் குரல் கேட்டால் போதும், கை தானாகக் கழற்றிக் கொடுத்துவிடும்.

அந்த ஏழு நிமிடமும் ஸ்ரீதருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மூணாவது கதவாண்ட போவாதீங்க. சசிரேகான்னு ஒரு பொண்ணு அங்கதான் செத்துச்சு. இன்னும் அங்கியேதான் கீது." அன்றிலிருந்து கார்டு கேட்பவர்கள் குறைந்தார்கள். பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினார்கள். உற்பத்தி ஏறியது. ஸ்ரீதருக்கு மீட்டிங்கில் கைதட்டல்.

மாரிசெல்வியின் வேலை நிரந்தரமாகுமா என்பது அந்த வாரம்தான் தெரிய வேண்டும். வேலை போனால் சங்கரன்கோவிலில் தாய்மாமன் தாலியோடு காத்திருந்தார். அதனால் அவளும் அடக்கித்தான் பார்த்தாள். அன்று முடியவில்லை.

"சசிரேகாவ விசாரிச்சேன்னு சொல்லு," என்று கார்டை நீட்டினார் ஸ்ரீதர்.

பாத்ரூம் வாசலில் செக்யூரிட்டி லூர்தம்மாள். அன்றுதான் வேலைக்குச் சேர்ந்தவள். லைன் கதை எதுவும் தெரியாதவள். நோட்டில் எழுதினாள்: மாரிசெல்வி, 3.04.

உள்ளே மூன்று கதவுகள். மூன்றாவது மூடியிருந்தது. அவள் முதல் கதவுக்குள் போய் வந்தாள். கை கழுவினாள். சொட்... சொட்... குழாயை இறுக்கி மூடினாள்.

சத்தம் நிற்கவில்லை.

"யக்கா, கார்டு."

மூன்றாவது கதவுக்கு அடியில் ஒரு கை நீண்டிருந்தது. விரல்களில், லைனில் போடும் ரப்பர் உறைகள். அவள் கை, பழக்கத்தில், கார்டைக் கழற்றிக் கொடுத்தது.

லைனில் மூன்று விரலுக்குத்தான் உறை. இந்தக் கையில் ஐந்து.

நுனிகள் மடங்கித் தொங்கின. உள்ளே விரலே இல்லாததுபோல்...

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கார்டு இல்லாமல் யாரும் இங்கே வர முடியாது. கார்டு இவ்வளவு நேரமும் அவள் கழுத்தில் இருந்தது.

லைனுக்கு ஓடினாள். 3.10.

"இன்னாம்மா, கார்டு எங்க?" என்றார் ஸ்ரீதர்.

"கேட்டாங்க சார்... குடுத்துட்டேன்."

"யாரு கேட்டா?"

"மூணாவது கதவுல..."

முப்பத்தொரு தலைகள் திரும்பின.

3.12. லைன் முனையில் இருந்த இசக்கிசெல்விதான் முதலில் அலறினாள். பக்கத்து ஸ்டூலில் இருந்தவள் சாய்ந்தாள். அடுத்தவள்... அடுத்தவள்... கன்வேயர் ஓடும் திசையிலேயே விழுந்தார்கள். எல்லோர் வாயிலும் ஒரே சொல்.

கார்டு... கார்டு...

பத்தொன்பது பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இவர்கள் உடம்பில் தண்ணீரே இல்லை என்றார் டாக்டர். அந்தக் களேபரம் அடங்கியபோது, கார்டு ஸ்ரீதரின் மேஜைக்கு மேல், வழக்கமான ஆணியில் தொங்கியது. நாடா நனைந்திருந்தது. மாட்டியது யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை ஸ்ரீதர் அவளை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு வெள்ளைத் தாளை நீட்டினார். "சசிரேகா கதைய நான்தான் கட்டிவிட்டேன்னு நீயே எழுதிக் கையெழுத்து போட்டுட்டு ஊருக்குக் கெளம்பு."

"நீங்கதான சார் சொன்னீய?"

"ஆமா, நான்தான் கட்டுனேன். அப்படி ஒரு பொண்ணே கெடையாது. பேருகூட வாயில வந்தத சொன்னேன். இப்போ இன்னான்ற? உன்னத் தவிர எவளும் உள்ள போவல. நோட்டு சொல்லும்."

நோட்டை லூர்தம்மாளே கொண்டுவந்தாள். ஸ்ரீதர் விரல் வைத்து வாசித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இத... யாரு எழுதச் சொன்னது?"

"இவங்க பின்னாடியே வெளிய வந்த பொண்ணுதான் சார் பேரு சொல்லிச்சு. கழுத்துல கார்டு இருந்துச்சு, வுட்டுட்டேன். உள்ள போனத நான் பாக்கல. அதான் அந்தக் கட்டம் காலி."

ஸ்ரீதர் வெள்ளைத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கையெழுத்துக் கேட்கவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை.

மாரிசெல்வி எட்டிப் பார்த்தாள். அவள் பெயருக்குக் கீழே...

சசிரேகா. உள்ளே போன நேரம் இல்லை. லைனுக்குத் திரும்பிய நேரம், 3.11.

சசிரேகா லைனை விட்டுப் போன நேரம் இன்றுவரை எந்த நோட்டிலும் இல்லை.