நோபுகோ பிறந்த வீட்டுப் பனிப்பலகைகள்

ஹசுனுமாவை நோபுகோ முதன்முதலில் பார்த்தது தலைகீழாக. கத்தரிப் பாத்தியில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தவளுக்குக் கால்களின் நடுவே ஒரு கேமரா தெரிந்தது. கேமராவுக்குப் பின்னால், கடையில் போட்ட மடிப்புகூடக் கலையாத நீல உழவர் உடுப்பில் ஒருவன்.

"அப்படியே இருங்கக்கா, நிமிராதீங்க. வெளிச்சம் அற்புதமா விழுது."

"அது எங்க விழுதுன்னு எனக்கும் தெரியுது. யாருய்யா நீ?"

டோக்கியோவில் விளம்பரக் கம்பெனி உத்தியோகமாம். வாழ்க்கையின் அர்த்தம் தேடி நீகாதா மலைக்கு வந்தானாம். பக்கத்து வீட்டை வாங்கிவிட்டானாம். அவன் கைகாட்டிய வீடு நோபுகோ பிறந்த வீடு. அப்பா போனதிலிருந்து பூட்டிக் கிடந்ததை, ஒசாகாவில் இருக்கும் தம்பி மசாரு அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பழைய கார் விலைக்குத் தள்ளிவிட்டிருந்தான். அன்றைக்கே ஃபோனில் அவனைப் பிடித்தாள்.

"பொறந்த வீட்ட வித்துட்டியேடா, வெக்கமா இல்ல?"

"வருஷா வருஷம் வரி கட்டினது நீயாக்கா?"

ஃபோனை வைத்தவள்தான், அப்புறம் அவனோடு பேச்சில்லை.

ஹசுனுமா வீட்டைப் புதுப்பித்த லட்சணம் ஊருக்கே வேடிக்கை. உத்தரம் அழகாகத் தெரியவேண்டும் என்று மச்சைப் பிரித்தான்; இருந்த கொஞ்ச வெதுவெதுப்பும் கூரைக்கு ஏறிப்போனது. தாழ்வாரத்து மரக்கதவுகளைக் கழற்றிவிட்டுச் சுவர் அகலத்துக்குக் கண்ணாடி போட்டான். பொழுது விடிந்தால் இணையத்தில் எழுதுவான்: 'இன்றும் மண்ணோடு பேசினேன்.' மண் பதில் சொன்னதாகத் தகவல் இல்லை. வாய்க்கால் தூர்வாரும் நாளில் மட்டும் அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

அக்டோபரில் டோக்கியோ நண்பர்கள் வந்தார்கள். நடுக்கூடத்துக் குழியடுப்பில் தீ மூட்டி, மீன் சுட்டு, சாகே குடித்து, கிராமம் என்றால் இதுதான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மறுநாள் காலை முள்ளங்கி கொடுக்கப் போன நோபுகோ, இறவானத்தடியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இங்க அடுக்கியிருந்த பலகையெல்லாம் எங்கய்யா?"

"அந்தக் கரி பிடிச்ச பழைய மரமாக்கா? என்னமா எரிஞ்சுது தெரியுமா! வாசனை இன்னும் சட்டையில இருக்கு."

"அது பனிப்பலகை. நவம்பர்ல தூணுக்குத் தூண் வெட்டியிருக்கிற காடிப் பள்ளத்துல எறக்கணும். இல்லேன்னா கூரையிலேருந்து சரியிற பனி தாழ்வாரத்த நெருக்கித் தள்ளிடும்."

"பலகை போட்டா வீடே இருட்டாயிடுமே. பனியைப் பார்க்கத்தானே கண்ணாடி வச்சேன்?"

எந்தப் பலகை எந்தக் காடிக்கு என்று ஒவ்வொன்றின் முனையிலும் அவள் அப்பா கத்தியால் குறி செதுக்கியிருந்தார். அதை அவள் சொல்லவில்லை. முள்ளங்கியையும் கொடுக்கவில்லை.

"எங்கப்பன் செதுக்கின பலகையில மீன் சுட்டுத் தின்னிருக்கான், எரும" என்றாள் புருஷன் இசாமுவிடம்.

டிசம்பரில் முதல் பனி விழுந்ததும் ஹசுனுமா டோக்கியோவுக்குப் போய்விட்டான். அங்கே ஒரு கூட்டத்தில் பேசவேண்டுமாம். தலைப்பு, மலைக்கிராமத்தில் குளிர்காலம். இங்கே பனி கண்ணாடியின் பாதி உயரத்துக்கு ஏறியது. கண்ணாடி உடைந்தால் பனி உள்ளே புகும். அந்தப் பாரத்தில் தூண் நகரும். அப்புறம் கூரை இறங்கும். இதற்குப் படிப்பு எதுவும் வேண்டாம், ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"உடையட்டும். அப்பத்தான் அந்த ஜென்மத்துக்குப் புத்தி வரும்" என்றாள் நோபுகோ.

இசாமு டீயை உறிஞ்சினார். "உடைஞ்சா அவனுக்கு டோக்கியோல வேற வீடு இருக்கு. உனக்கு?"

அவள் ரப்பர் பூட்ஸை மாட்டினாள். தங்கள் வீட்டில் மாடில்லாமல் கிடந்த கொட்டகையின் தடுப்புப் பலகைகளைப் பிடுங்கினாள். மறுநாள் அவள் பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்து வந்ததும் இருவரும் ஹசுனுமா வீட்டுத் தாழ்வாரத்துப் பனியை வாரி ஒதுக்கினார்கள். இசாமு காடிக்கு அளந்து அறுத்துக் கொடுக்க, அவள் முனையில் குறி வெட்டி ஒவ்வொன்றாக இறக்கினாள். நடுநடுவே ஹசுனுமாவின் முப்பாட்டன் வரைக்கும் திட்டினாள். அந்த வாரமே கூரைப்பனி மொத்தமாகச் சரிந்தது. பலகைகள் தாங்கின.

மே மாதம் அவன் வந்தான்.

"யாருக்கா மாட்டுக்கொட்டாய்ப் பலகையக் கொண்டாந்து இங்க வச்சது? வீட்டோட அழகே போச்சு."

"ஆளுக்கு ஏத்த பலகைதான்யா."

அவன் சிரித்தான், அவனுக்கு எதுவுமே உறைக்காது. சாயங்காலத்துக்குள் அந்தப் பலகைகளைப் படம் எடுத்து, 'என் வீட்டின் முதல் குளிர்காலம்' என்று இணையத்தில் போட்டுவிட்டான்.

நோபுகோவுக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. சமையலறை வேலைக்கு இன்னும் போகிறாள். வருஷா வருஷம் நவம்பரில் அவளும் இசாமுவும் அந்த வீட்டுக்குப் பலகை இறக்குகிறார்கள். மே மாதம் ஹசுனுமா வந்து கழற்றி, குறி பார்க்காமல் அடுக்கிவிட்டுப் போகிறான். தம்பியின் ஃபோனை அவள் எடுப்பதில்லை.